நீர் உரைக்கும் செய்தி

நம் சித்த வைத்தியர்கள் சிறுநீரின் நிறமும் நுரையும் நோக்கி நோயை உய்த்துணர்ந்தனர். அதில் எண்ணெய்த் துளியை இட்டு, அது பரவும் பாங்கையும் ஆராய்ந்தனர். நீர்க்குறி, நெய்க்குறி என அவை வழங்கின. இன்றைய விஞ்ஞானமும், வேறொரு வழியிற் சென்று, சிறுநீரிடமே ஒரு வினாவை எழுப்புகின்றது: சிறுநீர்ப்பையிற் புற்றுநோய் மீண்டும் தோன்றியுள்ளதா?

‘மீண்டும்’ என்ற சொல்லிலேயே இந்நோயின் கொடுமை அடங்கியுள்ளது. நோய் கண்டறியப்படும்போது, ஏறக்குறைய நால்வருள் மூவரிடத்து அது பையின் தசையை ஊடுருவாது மேற்படைகளிலேயே நிற்கும். அதனைச் சுரண்டி அகற்றிவிடலாம். ஆயினும் பலருக்கு அது மீள முளைக்கின்றது. ஆதலின் மூன்றாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுக்கணக்காகவும், விளக்குப் பொருத்திய குழாயைச் சிறுநீர் வழியே செலுத்திப் பையினுள்ளே நோக்குவர். ஜேர்மானியரான மாக்ஸ் நிட்சே 1877ஆம் ஆண்டில் செய்துகாட்டிய கருவியின் வழித்தோன்றலே அது.

இச்சோதனைக்கு நாணியும் அஞ்சியும் நாளைக் கடத்துவோர் உளர். நாம் அறிந்த முதிய ஆசிரியர் ஒருவர், “நீர் தெளிவாகத்தானே போகின்றது” என்று கூறி ஈராண்டு வாளாவிருந்தார். மீண்டும் குருதி கண்டபோது, புற்று தசையைத் துளைத்திருந்தது.

துன்பமின்றி அறிய வழியில்லையா? பையின் உட்சுவரிலிருந்து கலங்கள் உதிர்ந்து சிறுநீருடன் வெளிவருகின்றன. அவற்றை நுணுக்குக்காட்டியால் நோக்கிப் புற்றுநோயை அறியலாமென்பதை, 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பாப்பனிக்கொலாவும் மார்ஷலும் எடுத்துரைத்தனர். கடுமையான புற்றின் கலங்கள் உருத்திரிந்திருத்தலால் எளிதில் அகப்படும். மெல்ல வளரும் புற்றின் கலங்களோ நற்கலங்களை ஒத்திருந்து கண்ணை ஏய்த்துவிடும்.

எனவே ஆராய்ச்சியாளர் கலத்தின் அகத்தையே நோக்கலாயினர். ஒளிரும் சாயமிட்டு, 3, 7, 17ஆம் நிறமூர்த்தங்கள் மிகுந்துள்ளனவா, 9ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி மறைந்துள்ளதா எனக் காணும் சோதனைக்கு, நோய் மீள்வதைக் கண்காணிக்கும் பொருட்டு, 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. சிறுநீரிலுள்ள புரதங்களை அளக்கும் சோதனைகளும் உள. ஆனால் கல்லோ கிருமித்தொற்றோ இருப்பின், அவை பொய்யாக எச்சரித்தலும் உண்டு.

ஆகவே நீர்ச்சோதனை குழாய்ச்சோதனைக்குத் துணையாகுமேயன்றி, இன்னும் ஈடாகவில்லை. முன்னதிற் குறையொன்றும் காணப்படவில்லையென்று பின்னதைக் கைவிடுதல் ஆபத்து. வீட்டில் இந்நோய் கண்டு தேறியவர் இருப்பின், வைத்தியர் குறித்த நாளை இளையோர் நினைவூட்டி உடன்செல்லல் வேண்டும். புகைப்பழக்கம் இந்நோய்க்குப் பெருங்காரணம். அதனை விடுவித்தலும் அவர்தம் கடனே. நோவின்றிக் குருதி போயினும், ஒருமுறைதானே என்று வாளாவிருத்தல் தகாது. நீர் உரைக்கும் செய்தியைக் காலத்தோடு கேட்போமாக.