கடைசி நான்கு ஓவர்களின் விலை

இருபது ஓவர் கிரிக்கெட்டில் பதினேழாவது ஓவர் முதல் இருபதாவது ஓவர் வரையிலான பகுதி ‘டெத் ஓவர்’ எனப்படுகிறது. விக்கெட் போகுமே என்ற கவலையை மட்டையாளர்கள் கைவிட்டு, ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அனுப்ப முயலும் அந்த 24 பந்துகளுக்கென்றே ஒவ்வோர் அணியும் ஓரிரு பந்துவீச்சாளர்களைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறது. இந்திய நேரப்படி இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் மலேசியாவில் இரவு 10 மணிக்குத் தொடங்குவதால், ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டாம் இன்னிங்சின் டெத் ஓவர்கள் பின்னிரவு ஒரு மணிக்கு மேல்தான் வந்து சேர்கின்றன. உறக்கத்தைத் துறந்து பார்க்கப்படும் அந்த ஓவர்களை வீசுபவரின் திறமையை எந்த அளவுகோலால் அளப்பது, அவரை என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு அணியில் வைத்துக்கொள்வது என்னும் கேள்விகளைக் கிரிக்கெட்டுக்கு முன்பே எதிர்கொண்டு, விடைகளையும் தவறுகளையும் சேர்த்தே பதிவு செய்து வைத்திருக்கும் ஆட்டம் அமெரிக்கப் பேஸ்பால்.

பேஸ்பால் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. தொடக்கத்தில் பந்தெறிபவர் களைத்தாலோ அடி வாங்கினாலோ அவருக்குப் பதிலாக மைதானத்துக்குள் வருபவர் ‘ரிலீஃப் பிட்சர்’, அதாவது மாற்றுப் பந்தெறிபவர் எனப்படுகிறார். இப்படிப்பட்டவர்கள் உடலைச் சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் ஓரிடத்துக்கும், அந்தக் குழுவினருக்கும் ‘புல்பென்’ என்பதே பெயர். ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அதே ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்பதால், யாரை எப்போது அழைப்பது என்ற முடிவு திருத்த இயலாததாகிறது. மலேசியப் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இந்த அமைப்பு ஓரளவு பழக்கமானதே. கிரிக்கெட்டில் ஒருவரே இடைவெளி விட்டு நான்கு ஓவர்களை வீசலாம் என்றாலும், 2023இல் ஐபிஎல் கொண்டுவந்த ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி, அதாவது ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைச் சேர்க்கும் விதி, இரண்டு ஆட்டங்களையும் நெருங்க வைத்துவிட்டது. அந்த விதியின்படி முதன்முதலில் களமிறங்கியவர் சென்னை அணியின் துஷார் தேஷ்பாண்டே. மட்டையாளரான அம்பட்டி ராயுடுவின் இடத்தில் வந்த அவரும் ஒரு பந்துவீச்சாளர்தான்.

மாற்றுப் பந்தெறிபவரை மதிப்பிட பேஸ்பால் 1969இல் ‘சேவ்’ என்னும் கணக்கை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. சிறிய முன்னிலையைக் கெடவிடாமல் ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவரின் பெயரில் ஒரு ‘சேவ்’ எழுதப்படும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா 652 முறை இதைச் செய்து முதலிடத்தில் இருக்கிறார். ஆனால் மூன்று ஓட்ட முன்னிலையோடு கடைசி இன்னிங்சுக்கு வருபவருக்கும் ஒரே ஓட்ட முன்னிலையோடு வருபவருக்கும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்புதான். ஏழாவது இன்னிங்சில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்கும்போது வந்து அணியைக் காப்பாற்றியவருக்கோ அந்தக் கணக்கில் இடமே இல்லை. இந்தக் குறை ஏட்டோடு நிற்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. 2016ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் அணியின் சாக் பிரிட்டன் 47 வாய்ப்புகளில் 47 ‘சேவ்’ எடுத்திருந்தார். ஆயினும் டொரான்டோவுக்கு எதிரான, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை நீண்டபோதும், முன்னிலை கிடைத்த பிறகே அவரை இறக்க வேண்டும் என்று பயிற்சியாளர் பக் ஷோவால்ட்டர் காத்திருந்தார். அந்த முன்னிலை வரவே இல்லை. தலைசிறந்த பந்தெறிபவர் ஒரு பந்துகூட எறியாமலேயே அணியின் பருவம் முடிந்துபோனது.

இத்தகைய அனுபவங்களால் பேஸ்பால் ஆய்வாளர்கள் ஒவ்வொரு தருணத்தின் கனத்தையும், அதாவது அந்த நொடியில் நடப்பது ஆட்டத்தின் முடிவை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதையும், எண்ணாக அளக்கத் தொடங்கினர். மெர்சிங் படகுத்துறையிலிருந்து தியோமான் தீவுக்குப் படகு செலுத்துபவரை, கடந்த முறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, ஆற்றுமுகத்தில் நீர் வற்றியிருந்ததா, வடகிழக்குப் பருவக்காற்று வீசியதா என்று பாராமல் எடைபோடுவது எவ்வளவு பொருந்தாததோ, அவ்வளவு பொருந்தாதது தருணத்தைக் கழித்துவிட்டு ஓட்டங்களை மட்டும் எண்ணுவது.

சென்னை ரசிகர்களுக்கு இதற்குத் தெளிவான சான்று, தங்கள் அணி தோற்ற ஓர் ஆட்டம். 2019 மே 12 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் மும்பையின் லசித் மலிங்கா தமது முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் கொடுத்திருந்தார். கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது பந்து அவரிடமே தரப்பட்டது. ஷேன் வாட்சன் 80 ஓட்டங்களில் ரன் அவுட் ஆனார். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் வந்த மெதுவான யார்க்கர் ஷர்துல் தாக்கூரைக் காலில் தாக்க, மும்பை ஒரே ஓட்டத்தில் கோப்பையை வென்றது. நான்கு ஓவர்களில் 49 ஓட்டங்கள், ஒரு விக்கெட் என்ற அட்டையை மட்டும் பார்ப்பவர் அதை மோசமான பந்துவீச்சு என்றே சொல்வார்.

சென்னை அணியில் இந்தப் பணியை நெடுங்காலம் சுமந்தவர் டிரினிடாட்டின் டுவெய்ன் பிராவோ. வேகத்தைக் குறைத்து வீசும் ஏமாற்றுப் பந்தே அவருடைய ஆயுதம், 2013இல் 32 விக்கெட்டுகளை எடுத்து அந்தப் பருவத்தில் முதலிடம் பெற்றவரும் அவரே. அவர் ஓய்வுபெற்று 2023இல் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளரானபோது, அவருடைய இடத்தில் நின்றவர் இலங்கையின் கண்டியைச் சேர்ந்த மதீஷ பத்திரன. தோளுக்குப் பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசும் இந்த இளைஞர், 2022இல் காயமடைந்த ஆடம் மில்னுக்கு மாற்றாக 20 லட்சம் ரூபாய்க்கு வந்தவர். 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள் எடுத்து அணி கோப்பை வெல்லக் காரணமானவர்களில் ஒருவரானார். 2024 ஏப்ரலில் மும்பை வான்கடே மைதானத்தில் 207 என்ற இலக்கை மும்பை விரட்டியபோது, டெத் ஓவர் வரை காத்திராமல் எட்டாவது ஓவரிலேயே அவர் அழைக்கப்பட்டு இஷான் கிஷனையும் சூர்யகுமார் யாதவையும் அதே ஓவரில் வெளியேற்றினார். ரோகித் சர்மா ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் எடுத்தும் சென்னை 20 ஓட்டங்களில் வென்றது. பத்திரனவின் கணக்கு 28 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட். ஷோவால்ட்டர் செய்யத் தவறியதைச் சென்னை அன்று செய்தது என்றே கொள்ள வேண்டும்.

அணியின் எதிர்காலத்தைத் திட்டமிடுவது இதைவிடக் கடினமானது. 2024இல் பத்திரன காயத்தினால் ஆறு ஆட்டங்களே ஆடினார், வீசியவை 132 பந்துகள், எடுத்தவை 13 விக்கெட்டுகள். அந்தச் சிறிய அளவை நம்பிச் சென்னை அவரை 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. அடுத்த பருவத்தில் 12 ஆட்டங்களில் அதே 13 விக்கெட்டுகளுக்கு ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார், அணியும் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. விடுவிக்கப்பட்ட அவரை 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு வாங்கியது. ஆறு ஆட்டங்கள் அவரை மாபெரும் பந்துவீச்சாளராக நிறுவிவிடவில்லை, பன்னிரண்டு ஆட்டங்கள் அவரை முடிந்துபோனவராக்கவும் இல்லை. குறைந்த பந்துகளை மிகக் கனமான தருணங்களில் வீசுபவரின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடுவது இயல்பு.

பேஸ்பால் அணிகள் இந்த ஊசலாட்டத்தை எண்ணிக்கையால் சமாளிக்கின்றன. ஆடத் தகுதியுள்ள 26 பேரையும் சேர்த்து ஒப்பந்தப் பட்டியலில் 40 பேர் வரை இருக்க, அவர்களில் இளையோரைப் பொதுவாக மூன்று பருவங்கள் வரை வேறு அணிகளிடம் இழந்துவிடாமல் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கும் உரிமை அணிக்கு உண்டு. ‘ஆப்ஷன்’ என்று வழங்கும் அந்த உரிமை மீதமுள்ள பந்தெறிபவர், சற்றுத் திறமை குறைந்தவராயினும், அணிக்குக் கூடுதல் பயன் தருகிறார். ஐபிஎல்லில் அந்த வசதி இல்லை. அதிகபட்சம் 25 பேர், அவர்களில் எட்டு வெளிநாட்டவர், களத்தில் தொடக்கப் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே என்ற வரம்புக்குள், பத்திரனவைப் போன்ற ஒருவர் பணத்தை மட்டுமல்லாமல் ஓர் அரிய இடத்தையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே 3.40 கோடி ரூபாய்க்கு வந்த அரியானாவின் அன்சுல் காம்போஜைப் போன்ற இந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் கடைசி ஓவர்களை வீசப் பழகுவதற்கு வாய்ப்பும், இடையில் அடிவாங்கும்போது பொறுமையும் தருவதே சென்னைக்கு உகந்த வழியாகத் தெரிகிறது. அப்படி ஒருவர் தேறிவிட்டால், விடுபடும் வெளிநாட்டவர் இடத்தில் இன்னொரு மட்டையாளரைக் களமிறக்கலாம்.