கம்ப்யூட்டரில் தாள் எங்கே?

மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பி.எஃப். பணத்துக்கு மனு எழுத வேண்டும். பழைய தாள்களை மகன் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். இப்போது தேடினான். கிடைக்கவில்லை.

"பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னியேப்பா?" என்று அம்மா பதறினார்.

தாள் தொலையவில்லை. கம்ப்யூட்டர் அந்த இடத்தில் தேடவில்லை. ஏன்?

பெரிய புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அது காட்டும். கம்ப்யூட்டரும் இப்படி ஒரு பட்டியல் எழுதி வைக்கிறது. இதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். பட்டியல் இருந்தால் கேட்டதும் எடுத்துத் தரும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்கள் வழக்கமாகப் பட்டியலில் இருக்கும். மகன் தாள்களை வைத்தது 'டி' டிரைவில். அதை நாம்தான் சேர்க்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் 'மாடிஃபை' என்பதை அழுத்தி, வேண்டிய ஃபோல்டருக்கு டிக் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் டிக் போடலாமா? வேண்டாம். கம்ப்யூட்டர் தன் வேலைக்கு வைத்திருக்கும் ஃபைல்கள் ஏராளம். அவற்றையும் சேர்த்தால் பட்டியல் பெருகும். வேலை மெதுவாகும். கொழுந்து எடுப்பவர் முற்றிய இலையைப் பறிப்பதில்லை அல்லவா? அதுபோல நாம் தேடக்கூடியதை மட்டும் சேர்த்தால் போதும்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஸ்கேன் செய்த தாள் ஒரு படம். அதில் உள்ள எழுத்தைத் தேடல் பெரும்பாலும் படிக்காது. ஆகவே ஃபைலுக்குத் தெளிவான பெயர் வையுங்கள்.

நம் பகுதியில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. மலையாள எழுத்தில் பெயர் வைத்துவிட்டுத் தமிழ் எழுத்தில் தேடினால் வராது. வேண்டுமானால் பெயரை இரண்டு எழுத்திலும் வையுங்கள்.

பட்டியலிலிருந்து நீக்கிய ஃபோல்டர் பூட்டிய பெட்டி அல்ல. யாரும் திறந்து பார்க்கலாம். கேரளத்தில் அட்சயா மையங்கள் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கின. இன்று மாநிலம் முழுவதும் உள்ளன. இப்படிப் பலர் வந்துபோகும் இடத்தில் ஸ்கேன் செய்தால், வேலை முடிந்ததும் நம் தாளை அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

மகன் டிக் போட்டான். பட்டியல் எழுதி முடியச் சற்று நேரம் ஆனது. பிறகு 'பி.எஃப்' என்று தட்டினான். தாள் வந்தது.

"அந்த எழுத்தை எனக்கும் காட்டு. அடுத்த தடவை நானே தேடிக்கிறேன்" என்றார் அம்மா.