மிதிவண்டி ஹேண்டில்பாருக்கு வீட்டில் செய்யும் பாகங்கள்

மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் திருப்புவதற்கும், ஓட்டுபவரின் மேலுடலைத் தாங்குவதற்கும் பயன்படும் வளைந்த அல்லது நேரான குழாயே கைப்பிடித்தண்டு ஆகும். பேச்சு வழக்கில் இதை ஹேண்டில்பார் என்றும், சுருக்கமாக ஹேண்டில் என்றும் சொல்கிறோம். முன்சக்கரக் கவையின் தண்டோடு இதை இணைக்கும் கழுத்துப் பகுதி ஸ்டெம் எனப்படுகிறது. இருக்கை, பெடல், ஹேண்டில் என ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடும் இடங்கள் மூன்றுதான். ஒருவருக்குப் பொருந்தும் ஹேண்டில் இன்னொருவருக்குத் தோள்வலியைத் தருவது இதனால்தான். கடையில் கிடைப்பது தம் கைக்கோ தேவைக்கோ ஒத்துவராதபோது, உறை, விளக்குத் தாங்கி, கொக்கி, முழங்கைத் தாங்கி போன்றவற்றைப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். அவற்றுள் எதை அச்சமின்றிச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதே இந்த வேலையில் முதலில் கற்க வேண்டியது.

ஹேண்டிலை மாற்றி உலக சாதனை செய்தவர்

வீட்டில் செய்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓப்ரீயின் கதை நல்ல சான்று. சொந்தமாக நடத்திய சைக்கிள் கடை நொடித்துப்போன நிலையில், அவர் தன் கையாலேயே ஒரு பந்தய வண்டியைச் செய்தார். அதற்கு 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்று பெயர். வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுழல்வதைக் கண்டு, அதன் பேரிங் தரமானதாகவே இருக்கும் என்று கருதி அதைக் கழற்றித் தன் வண்டியில் பொருத்தினார். பத்திரிகைகள் அந்த பேரிங்கைத்தான் பெரிதாக எழுதின. உண்மையில் அந்த வண்டியின் உயிர் அதன் ஹேண்டிலில் இருந்தது.

பந்தய வண்டிகளுக்கு வழக்கமான, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டிலை ஓப்ரீ வைக்கவில்லை. மலைப்பாதை வண்டியில் இருப்பது போன்ற நேர்த்தண்டு ஒன்றை, வழக்கத்தைவிட இருக்கைக்கு மிக அருகில், தன் மார்புக்கு அடியில் வருமாறு வைத்தார். முழங்கைகள் மடங்கி, பனிச்சறுக்கு வீரரைப் போல விலாவோடு ஒட்டிக்கொண்டன. மிதிவண்டி வேகமெடுக்கும்போது ஓட்டுபவரின் பெரும் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். கைகளை மடக்கி ஒளித்துக்கொண்டதால் காற்றுக்கு எதிர்ப்படும் அவரது உடற்பரப்பு குறைந்தது.

1993 ஜூலை 16 அன்று நார்வேயின் ஹமார் நகரில், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்கு ஓப்ரீ முயன்று தோற்றார். அன்று அவர் ஓட்டியது, தன் வண்டியைப் பார்த்துப் பிறர் செய்துகொடுத்த நகல். மறுநாள் காலையிலேயே, தான் செய்த பழைய வண்டியில் மீண்டும் ஏறி 51.596 கி.மீ. ஓட்டினார். ஃபிரான்செஸ்கோ மோசர் 1984-இல் படைத்த 51.151 கி.மீ. சாதனை முறிந்தது. ஆறே நாளில் கிறிஸ் போர்டுமேன் அதை மிஞ்சினாலும், 1994 ஏப்ரலில் 52.713 கி.மீ. ஓட்டி ஓப்ரீ சாதனையைத் திரும்பப் பெற்றார்.

அதே ஆண்டு இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில், அவரது இருக்கை நிலைக்குப் பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் தடை விதித்தது. போட்டி தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருந்தபோதுதான் ஓப்ரீக்கு அது தெரியவந்தது. மாற்றிக்கொள்ள மறுத்தவரை நடுவர்கள் நீக்கினர். அவர் விடவில்லை. கைகளை முன்னால் முழுவதும் நீட்டிப் பறப்பது போல ஓட்டும் புதிய நிலையைக் கண்டுபிடித்து, 1995-இல் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். பின்னாளில் அந்த நிலையும் தடைசெய்யப்பட்டது. இரண்டு முறையும் அதிகாரிகளை உறுத்தியது, ஓட்டுபவரின் உடல் வண்டியின்மேல் அமரும் விதம். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹேண்டில்தான்.

இதே வழியில் 1989 டூர் த பிரான்ஸ் போட்டியின் முடிவும் மாறியது. கடைசி நாளில் 50 நொடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், முழங்கையை ஊன்றிக் கைகளை முன்னால் நீட்டும் துணைத்தண்டை ஹேண்டிலில் பொருத்தி 24.5 கி.மீ. ஓட்டினார். லோரான் ஃபினியோனை மொத்தத்தில் 8 நொடியில் வென்றார். அந்தத் துணைத்தண்டை வடிவமைத்த பூன் லெனன் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர்.

முதலில் அளவு

வீட்டில் செய்த பாகம் நழுவுவதற்கும் உடைவதற்கும் முக்கியக் காரணம் தவறான அளவு. நேர்த்தண்டு ஹேண்டில்களில் கை பிடிக்கும் இடத்தின் வெளிவிட்டம் பொதுவாக 22.2 மி.மீ. கீழ்வளைந்த பந்தய ஹேண்டில்களில் அது 23.8 மி.மீ. ஸ்டெம் இறுகப் பிடிக்கும் நடுப்பகுதி இன்னும் தடிமனாக, 25.4, 26.0 அல்லது 31.8 மி.மீ. இருக்கும்.

வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, முனை சேரும் இடத்தில் குறித்து, பிரித்து அளந்தால் போதும். 70 மி.மீ. வந்தால் விட்டம் 22.2, 75 வந்தால் 23.8, 80 வந்தால் 25.4, 100 வந்தால் 31.8. சுற்றளவை 3.14-ஆல் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். 26.0 விட்டத்துக்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 82 என்பதால், 80-க்கும் 82-க்கும் இடையில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

26.0 ஸ்டெம்மில் 25.4 தண்டைப் பொருத்த நேர்ந்தால் 0.6 மி.மீ. இடைவெளி, அதாவது ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. குளிர்பான அலுமினிய டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதிலிருந்து 80 மி.மீ. நீளமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றலாம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது; மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் வரவும் கூடாது. 31.8 ஸ்டெம்முக்கு 25.4 தண்டு என்றால் இந்த வித்தை பலிக்காது. அதற்கெனச் செய்த தடித்த வளையத்தை வாங்குவதே சரி.

அச்சமின்றிச் செய்யக்கூடியவை

உறையில் தொடங்குவது நல்லது. பழைய டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்தபடி தண்டில் சுற்றினால் மழையிலும் கை வழுக்காது. பருத்தி நாடாவும் நன்றாக உழைக்கும், வியர்வையை உறிஞ்சும். சுற்றும்போது வெளிமுனையில் தொடங்கி ஸ்டெம்மை நோக்கி வர வேண்டும். மாற்றிச் சுற்றினால் உள்ளங்கையின் அழுத்தம் ஒவ்வொரு சுற்றின் விளிம்பையும் கிளப்பிவிடும்.

விளக்கு அல்லது கைப்பேசித் தாங்கிக்கு 25 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஏற்றது. நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, கொதிநீரில் சில நிமிடம் போட்டால் குழாய் இளகும். தடித்த கையுறையோடு எடுத்து, ஹேண்டிலில் மாட்டி ஆறவிட்டால் அதே வடிவில் இறுகிவிடும். குழாயை நெருப்பில் நேரடியாகக் காட்டக்கூடாது, கருகும் பி.வி.சி.யிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு மூச்சுக்குழலை அரிக்கும். தாங்கிக்கு அடியில் டியூப் துண்டு ஒன்றை வைத்து, ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் குண்டும் குழியுமான சாலையிலும் அது சுழலாது.

கொக்கி செய்வது எளிது. ஆனால் அதில் மாட்டும் பைதான் ஆபத்து. காய்கறிப் பையையோ தூக்குவாளியையோ ஹேண்டிலில் தொங்கவிட்டு ஓட்டுவது நம் ஊர்த் தெருக்களில் அன்றாடக் காட்சி. திருப்பத்தில் பை ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். சிறுவயதில் ஒரு கிலோ தக்காளியோடு எனக்கு இது நேர்ந்தது; முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. கொக்கியை ஸ்டெம்முக்கு அருகில், நடுவில் வைத்து, பை ஆடாதபடி அதன் அடியையும் ஒரு நாடாவால் கட்ட வேண்டும்.

பழைய கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பிரேக் பிடியும் கம்பிகளும் ஹேண்டிலோடு சேர்ந்தே இயங்குபவை. எந்தப் பாகத்தைக் கட்டினாலும் கம்பி தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் தெருவில் இறங்கக்கூடாது.

தொடக்கூடாதவை

விளக்குத் தாங்கி உடைந்தால் விளக்கு விழும். ஹேண்டில் உடைந்தால் ஆள் விழுவார், அதுவும் முகம் குப்புற. உடல் எடை தாங்கும் எதையும் வீட்டில் செய்யும் ஆசை வரும்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டெம்மிலிருந்து கை 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, பள்ளத்தில் இறங்கும்போது ஒரு கையில் 40 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது என்று கொள்வோம். ஸ்டெம்மின் விளிம்பில் அது சுமார் 120 நியூட்டன் மீட்டர் வளைவிசையாகிறது. சாதாரணமாக ஸ்டெம்மின் சிறு போல்ட்டை இறுக்குவதற்குச் சொல்லப்படும் அளவு 5 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை புரியும். தண்டை அகலமாக்க முனையில் மரக்கட்டையைச் செருகி நீட்டுபவர்கள், இந்த நெம்புவிசையையும் கூட்டி, அதைத் தாங்கும் பொறுப்பை ஒரு விளக்குமாற்றுக் கட்டையிடம் ஒப்படைக்கிறார்கள்.

அலுமினியத் தண்டில் துளையிடுவது இன்னும் மோசம். துளையின் விளிம்பில் தகைவு குவியும். அங்கிருந்து மயிரிழை விரிசல் தொடங்கும். எஃகு பெரும்பாலும் முதலில் வளைந்து எச்சரிக்கும். அலுமினியமோ சிறு சிறு அதிர்வுகளைப் பல மாதம் வாங்கி, விரிசலை உள்ளுக்குள் வளர்த்து, ஒரு நாள் திடீரென ஒடியும். அதைச் சூடாக்கி வளைத்தால் ஆலையில் வெப்பப் பதப்படுத்தலால் பெற்ற வலிமையை இழந்துவிடும். பற்றவைப்பும் அப்படியே. எஃகுத் தண்டை வளைத்தே ஆக வேண்டுமென்றால், உள்ளே உலர்ந்த மணலை இறுக நிரப்பி, குழாய் வளைக்கும் கருவி உள்ள பட்டறையில் கொடுப்பதே முறை. நானாக இருந்தால் அதையும் செய்யாமல், வேண்டிய வளைவுள்ள பழைய ஹேண்டிலைத் தேடிப் பிடிப்பேன்.

உயரத்தைக் கூட்ட ஸ்டெம்மை மேலே இழுப்பவர்களும் உண்டு. பழைய வகை ஸ்டெம்மில், குழாய்க்குள் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஸ்டெம் வேரறுந்த மரம்தான்.

முனையை மூடுதல்

தண்டை வெட்டிக் குறுக்குவது பலரும் செய்யும் வேலை. ஆக்ஸா பிளேடால் வெட்டி, உள்ளும் புறமும் அரத்தால் ராவிய பிறகு, அந்தத் திறந்த முனையை மூடாமல் விடுவதுதான் இந்தப் பாகங்கள் எல்லாவற்றிலும் மிகப் பெரிய தவறு. குழந்தைகள் சைக்கிளோடு விழும்போது ஹேண்டில் முனை வயிற்றில் குத்துவது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. வெளியே சிறு கன்றல் மட்டும் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கக்கூடும். திறந்த குழாய் முனை வட்டக் கத்தியைப் போன்றது. தடித்த ரப்பர் மூடி, அல்லது குழாய்க்குள் இறுக அடித்த தக்கை, அதன்மேல் கிரிப் என்று போட்டுவிட்டால் குத்தும் விசை பரவிவிடும். தேய்ந்து ஓட்டை விழுந்த கிரிப்பைக் குழந்தையின் வண்டியில் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். ஹேண்டிலால் அடிபட்ட குழந்தை வயிற்றுவலி என்றால், தைலம் தடவிக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின், முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, ஹேண்டிலை இடமும் வலமும் பலமாகத் திருகிப் பார்க்கலாம். பிறகு அதன்மேல் முழு எடையையும் போட்டு அழுத்தலாம். ஏதாவது கிறீச்சிட்டாலோ நகர்ந்தாலோ கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். சுற்றிய நாடாவை ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரித்து, வியர்வை உப்பு அரித்த வெண்புள்ளிகளோ விரிசலோ தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.