ஐந்தாவது விடை

"அமெரிக்காவில் என் மகள் பொழுதுபோக்குச் சிகிச்சை படிக்கிறாள். நோயாளிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதற்குக்கூடப் பாடம் நடத்துகிறார்களாமே?" என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நடத்தத்தான் வேண்டும். அந்தச் சிகிச்சையில் மிகக் கடினமான வேலையே அதுதான்.

அங்குள்ள முதியோர் மருத்துவ இல்லங்களையே எடுத்துக்கொள்வோம். அங்கே தங்கும் ஒவ்வொருவரையும் ஒரே சீராக மதிப்பிட வேண்டும் என்றது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 2010 அக்டோபரில் வந்த புதிய படிவமோ, விருப்பங்களை முதலில் அவரிடமே கேள் என்கிறது. மொத்தம் 16 கேள்விகள். உடையை நீங்களே தேர்ந்தெடுப்பது, பிடித்த பாட்டைக் கேட்பது, வெளியே போய்க் காற்று வாங்குவது: இதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?

கேள்வி கேட்பவர், முதியவரின் காதுக்கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து, தன் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, விடைகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைக் காட்டிக் கேட்கவேண்டும். அவரால் பதில் சொல்ல முடியாதபோதுதான் குடும்பத்தாரிடம் போகலாம். எங்கள் ஊர்த் தையல்காரரும் இப்படித்தான். பழைய சட்டையைக் கொடுத்தால் வாங்கமாட்டார், ஆளை வரச்சொல்லி அளவெடுப்பார்.

என்னைக் கவர்ந்தது அட்டையிலுள்ள விடைகள். மிக முக்கியம், ஓரளவு முக்கியம், அவ்வளவு முக்கியமில்லை, முக்கியமே இல்லை என்று நான்கு. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று: 'முக்கியம்தான், ஆனால் முடியவில்லை, அல்லது வழியில்லை.'

பார்வை மங்கிய பெரியவரிடம் "புத்தகம் படிப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். ஆர்வமில்லாதவர் என்று குறித்துவிட்டுப் போய்விடுவோம். "படிப்பது முக்கியமா?" என்று கேட்டால்தான், "முக்கியம்தான், கண் தெரியவில்லையே" என்று வரும். ஆசை போய்விட்டதா, அல்லது வழி மட்டும் அடைபட்டிருக்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஐந்தாவது விடைதான். வழியைத் திறந்துவிடலாம். பார்வைக் குறையுள்ளவர்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேசும் புத்தகங்களையும் அவற்றைக் கேட்கும் கருவியையும் இலவசமாகத் தருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் செடிப்பெட்டியைக் கை எட்டும் உயரத்தில் வைத்தால் தோட்டவேலை அவர் கைக்கு வந்துவிடும்.

அவசரத்தில் மகனிடம் கேட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டு, அம்மாவை டிவி முன்னால் உட்காரவைப்பது சிகிச்சை ஆகாது. 5 என்று குறிப்பதோடும் வேலை முடிந்துவிடாது. தடையாக இருப்பது என்ன, அதை யார் நீக்குவது, என்றைக்குள் நீக்குவது என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதினால்தான் அந்தப் பேட்டிக்குப் பலன் உண்டு.