கணக்குப் படிக்கும் மகளுக்கு ஐ.ஐ.டி. வாய்ப்பு

உங்கள் மகள் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாளா? "டிகிரி போதும், கல்யாணம் பார்க்கலாம்" என்று அவசரப்படாதீங்க.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் உண்டு. அதற்கு 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம். 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்குக் கட்டணம் பாதிதான்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் இரண்டாம் வருடமே தயாராகணும். பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

தேதி தவறினால் ஒரு வருடம் போச்சு. எனவே கணிதத் துறை அறிவிப்புப் பலகையைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியரிடமும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை மற்ற தாய்மார்களுக்கும் எடுத்துச் சொல்வோம்!