ஈயச் சொம்பில் காரீயம் இருக்கிறதா?

பொத்தேரிப் பக்கம் ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்கள் பரணை ஒழித்தால், பித்தளை அண்டாவோடு ஒரு ஈயச் சொம்பும் இறங்கும். அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு, சொம்பை மட்டும் ரசத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். வைக்கட்டும். அதற்கு முன் அது எந்த ஈயம் என்று பார்த்துவிடுவது நல்லது.

ரசம் வைக்க வேண்டியது வெள்ளீயச் சொம்பில். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பார்கள். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்புக்கு ஆபத்தில்லை. காரீயம் விலை குறைவு. 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகும். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் காலங்காலமாகப் பற்றவைத்த ஈயக் கம்பி இந்தக் கலவைதான். விலையும் மிச்சம், வார்ப்பதும் சுலபம். கலப்படத்துக்கு வேறென்ன காரணம் வேண்டும்? ஆனால் புளியும் தக்காளியும் காரீயத்தை மெல்லக் கரைத்துவிடும். உடம்பில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐரோப்பாவின் பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டுகள், கோப்பைகள் பலவற்றிலும் இதே வம்புதான். இப்போதைய பியூட்டரில் காரீயத்துக்குப் பதில் ஆன்டிமனியும் செம்பும் சேர்க்கிறார்கள். மலேசிய உறவினர்கள் கொண்டுவரும் ராயல் சிலாங்கூர் கோப்பை அந்த வகை. 1885இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பியூட்டரில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம்.

பளபளப்பை நம்ப வேண்டாம். தேய்த்த அன்று எதுவும் மின்னும். வெள்ளைத் தாளில் இழுத்தால் காரீயம் பென்சில் போலக் கோடு போடும். ஆனால் கலப்பு கொஞ்சமாக இருந்தால் கோடு விழாது. நம்பகமானது எடைதான்.

சொம்பு 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாளித் தண்ணீரை டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்ஜியம் ஆக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடி தொடாமல், உள்ளே காற்று தங்காமல், தண்ணீர் வழியாமல் முழுக அமிழ்த்துங்கள். தராசு 68 கிராம் காட்டினால் வெள்ளீயம். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் என்றால் சுமார் 64. முழுக் காரீயம் என்றால் 44. சொம்பின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்: வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3.

இரண்டு மூன்று சதவீதக் கலப்பு இந்தத் தராசில் சிக்காது. அதற்கு எக்ஸ் கதிர் கொண்டு உலோகம் பார்க்கும் ஆய்வகம்தான் வழி. விடை 7.5ஐத் தாண்டினால் ஆய்வகமும் வேண்டாம். சொம்பை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.