பால்மரக் காட்டின் பறையும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அவ்விரண்டின் வழியே தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். உண்ணும் உணவோடும் செய்யும் தொழிலோடும் பறையை ஒருங்கு வைத்து எண்ணியது சிந்திக்கத்தக்கது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்தோர் வகுத்துக் காட்டுவர். நிலம் வேறுபடின் பறையும் வேறுபடும் என்பதே இதன் கருத்து.

இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு, பழைய இலக்கணம் அறியாத ஒரு நிலத்தை நோக்குவோம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களே அந்நிலம். அங்கே மரம் பால்மரம், தொழில் பால்வெட்டு, தெய்வம் மாரியம்மனும் முனீஸ்வரரும். எனில், அந்நிலத்துக்குரிய பறை எது? அது முழங்கிய பொழுது எது? இன்று அது எங்கே சென்றது?

கடாரம் என்றவுடன் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெருமைக்குரியவையே. ஆயினும் தோட்டத்துத் தப்பு சோழர் கப்பலில் வந்ததன்று, கங்காணியோடு வந்தது. 1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் மேலாண்மைக்கு மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. ரப்பரும் பாதையோடு பரவிற்று. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் முறையைத் தடை செய்யும்வரை இவ்வரவு ஏற்றஇறக்கத்துடன் நடந்தது. தத்தம் ஊர்ப் பாட்டையும் கூத்தையும் அவர்கள் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

இனிப் பொழுதைக் காண்போம். பால்மரத்தின் பட்டையிலுள்ள குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்புதான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுவதால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆதலின் இருள் பிரியுமுன்பே பெரட்டுக்கு ஆள் கூடவேண்டும். இப்படி விடியல் தொழிலுக்கு உரியதாயிற்று. கலைக்கு எஞ்சியது இரவு. அவ்விரவும் வேலைநாளில் நீளாது. வெள்ளிக்கிழமைப் பஜனையும் லயத்து வாசலில் ஒரு கும்மியும் முடிந்தால் விளக்கணைக்க வேண்டியதே. விடிய விடியக் கூத்தாடுவதற்குச் சம்பளம் போட்ட வாரத்தின் சனிக்கிழமையோ திருவிழா நாளோ வாய்க்க வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் வடபகுதியில் மழை குறைந்து, பால்மரம் இலையுதிர்த்து, பாலும் சுருங்கும். அவ்வறண்ட காலம் திறந்த திடலில் இரவு முழுதும் கூடியிருக்க ஏற்றது. தைப்பூசம் இக்காலத்திலேயே வருகிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் பலவும் இதனை ஒட்டியே வந்தன. இயற்கையும் தொழிலும் வழிபாடும் ஒன்றுக்கொன்று இடங்கொடுத்த அமைப்பு இது.

அவ்விரவுக் கலைகளை மூன்று வட்டங்களாகப் பகுக்கலாம். முதல் வட்டம் லயம். அங்கே தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பெண்களின் உடைமை. இரண்டாம் வட்டம் கோயில் திடல். அங்கே தப்பும் உறுமியும் முழங்கின, கரகம் ஆடினர், அரிச்சந்திரன், வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற கதைகளைத் தோட்டத்து ஆடவரே கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் வேடமிட்டு நடித்தனர், பெண்வேடமும் அவர்களுடையதே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டுப் பாட்டையும் வசனத்தையும் மனத்தில் ஏற்றினர். மூன்றாம் வட்டம் நகரம். நாகசுரக் குழுவும் நாடகக் கம்பெனியும் திரைப்படமும் அங்கிருந்து வந்தன.

அயலாரின் இசையும் இவர்கள் செவிக்கு எட்டாததன்று. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து இசை நாடகம் பார்சி நாடகக் குழுக்களின் மேடையமைப்பையும் ஆர்மோனியத்தையும் ஏற்றுக்கொண்டது. அதே பார்சிக் குழுக்கள் பினாங்குக்கு வந்தபோது அவற்றைப் பின்பற்றி மலாய் பங்சாவான் நாடகம் தோன்றியது. ஆகவே தோட்டத்துத் திடலும் பக்கத்து நகரின் பங்சாவான் கொட்டகையும் ஒரு வகையில் உறவுடையவை. அலோர் ஸ்டாரில் எண்கோணக் கோபுரமாக நிற்கும் நோபாத் மண்டபத்துக்குரிய அரச இசைக்குழுவில் செருனாய் என்ற குழல் உண்டு. நாகசுரம்போல அதுவும் சீவாளியால் ஒலிக்கும் கருவியே.

இவ்விரவு அமைதியாகக் கழிந்தது என்று எண்ணிவிடலாகாது. ஓய்வுப்பொழுது யாருக்கு உரியது என்பதில் போராட்டமே நிகழ்ந்தது. கூலியின் ஒரு பங்கைக் கள்ளுக்கடை விழுங்கிற்று. போருக்குப் பின், 1946–47இல், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டம் அதற்கு முதன்மையான நிலைக்களம். குடியை விடுத்தலும் சீர்திருத்தமும் தன்மதிப்பும் அதன் குறிக்கோள்கள். 1947இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் போலீசாரோடு மோதலாக மூண்டு உயிரிழப்பிலும் முடிந்தது. கையிலுள்ள கூலியையும் மாலையையும் தாமே ஆளவேண்டும் என்ற வேட்கை அதன் அடியில் இருந்தது. அவ்வேட்கைக்குப் பின்னர் மேடையும் கிடைத்தது. கோ. சாரங்கபாணி முன்னின்று 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவிலும் பரவியது. ஊர்தோறும் பாட்டும் பேச்சும் நாடகமும் போட்டிகளாக வளர்ந்தன.

இதனிடையே 1948இல் அவசரகாலம் பிறந்து 1960வரை நீடித்தது. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்கு இரவை அடைத்தது. தகவல் இலாகாவின் படவண்டி வந்து திடலில் திரை கட்டிற்று. ஆடிய மக்கள் பார்க்கும் மக்களாக மாறத் தொடங்கியதில் இதற்கும் பங்குண்டு. பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. அதனைத் தடுக்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே. ஆயினும் காலவோட்டத்தில் பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் தாமான்களுக்குப் பெயர்ந்தன. பெரட்டின் இடத்தைத் தொழிற்சாலையின் முறைவேலை பிடித்தது. நிலமும் மாறிற்று, பொழுதும் மாறிற்று.

முதற்பொருள் இரண்டும் திரிந்தபின் பறை மட்டும் திரியாதிருக்குமோ? கடந்த சில பத்தாண்டுகளில் மலேசிய நகரங்களில் பெருகியுள்ள உறுமி மேளக் குழுக்களே இதற்கு விடை. உறுமி இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கு உறுமுவதுபோன்ற ஒலி எழும். மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பர். அதனோடு பம்பையும் தவிலும் சேரும். இம்மேளத்துக்குத் திடல் வேண்டா. இரவு முழுதும் வேண்டா. மாதக்கணக்கில் வசனம் பயிலவும் வேண்டா. காவடியோடு நடந்தே செல்லும். நகரத்து இரைச்சலை மீறிக் கேட்கும். சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் தேவஸ்தானத்தின் தைப்பூசம்போன்ற பெருவிழாக்களில் இளைஞர் இதனைச் சூழ்ந்து நிற்பதன் காரணம் விளங்கும். தாமான்களில் வாழும் தமிழர்க்குரிய கருப்பொருட் பறை இதுவே என்னலாம்.

இதனை வெற்று ஆரவாரம் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். திரைப்பட மெட்டுகள் வழிபாட்டில் புகுவதையும் ஒலிபெருக்கி எல்லை மீறுவதையும் அவர்கள் குறை கூறுவது நியாயமே. ஆனால் அவ்வெறுப்பில் பழைய இழிவுணர்ச்சி சிறிதேனும் கலந்திருக்கிறதா என்று நாம் நம்மையே வினவுதல் நன்று. தப்பு ஒருகாலத்தில் ஒரு சாராருக்கே உரியதென ஒதுக்கப்பட்டு, பெரும்பாலும் சாவோடு இணைத்தே எண்ணப்பட்டது. லயங்களிலும் சாதி வேற்றுமை உடன் வந்து குடியேறியிருந்தது. பறையைக் கருப்பொருளாகப் போற்றிய மொழியில் அதனை முழக்கியவரைத் தாழ்த்தியது நம் வரலாற்றுப் பிழை. இன்று பல பிரிவு இளைஞரும் தயக்கமின்றித் தோளில் உறுமி மாட்டுவது வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. பறை நகரத்துக்குப் பெயர்ந்தது. பாட்டு உடன் பெயரவில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கூத்து வசனம் ஆகியவை முதல் இரு வட்டங்களிலும் சொல்லால் வாழ்ந்தவை. அச்சொற்கள் இன்று தாமான் வீடுகளில் ஓய்ந்திருக்கும் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து, ஒரு தனிமனிதர் முயன்றாலும் எவ்வளவு காக்கலாம் என்று காட்டியுள்ளார்.

இப்பணிக்குத் தமிழாசிரியரே மிகவும் ஏற்றவர். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பாடியவர் வாழ்ந்த தோட்டம் எது, எந்த நிகழ்ச்சியில் பாடினார், யாரிடம் கற்றார், உடன் ஒலித்த கருவி யாது என்ற நான்கினையும் குறிக்கட்டும். வட்டார வழக்கையும் மலாய்ச் சொற்களையும் திருத்தாமல் அப்படியே எழுதட்டும். அவையே அந்நிலத்தின் முத்திரை. பின்னர் அப்பாட்டை உறுமி அடிக்கும் இளைஞரிடம் கொண்டு சேர்த்தால், பிரிந்த சொல்லும் பறையும் மீண்டும் கூடும். நிலமும் பொழுதும் மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாது. அவை ஈன்ற பாட்டைக் கேட்டு எழுதிவைக்க நம்மால் இயலும். பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே அதனைச் செய்வோமாக.